கிழக்குப் பார்த்த தொழுகை

“மஃரிப் தொழுது முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, சூரியன் விழுந்த செவப்பு முழுக்க முதுகுக்குப் பின்னால கெடக்கு” என்றார் ஸைனுலாப்தீன்.

பக்கீர் முகைதீன் ஹாஜியாரின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது.

“முதுகுக்குப் பின்னாலயா?”

“ஓம் மச்சான்.”

“அப்ப முகம் கிழக்கயா இருந்திச்சு?”

“கிழக்கதான்.”

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸைனுலாப்தீனின் மனைவி நபீஸா கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்தக் கிழக்குக் கரையில், தொழும்போது முகம் வைக்கவேண்டிய கிப்லா என்றால் மேற்கு, மேற்கு என்றால் கிப்லா. தொழ நின்றால் வயல் முன்னால், கடல் பின்னால். மேற்கே கால் நீட்டித் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமலே திருப்பிப் போடுவார்கள். கட்டில் போடுவதும் கக்கூசு கட்டுவதும்கூட இதைக் கணக்குப் பார்த்துத்தான். அப்படிப்பட்ட மருதமுனையில், பெண்ணைப் பெற்ற ஒருவர் கிழக்கே பார்த்துத் தொழுதேன் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் எந்த நாளில்?

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த நாளில். இங்கெல்லாம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அதனால் ஸைனுலாப்தீன் தன் மகள் நதீராவுக்குக் கொடுக்கப்போகிற வீட்டை ஹாஜியாரும் அவர் மனைவி நாச்சியாவும் கல்முனையிலிருந்து பார்க்க வந்திருந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தாயிற்று. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்றும் சொல்லியாயிற்று. வெற்றிலை வட்டாவில் கை வைத்தால் காரியம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஹாஜியார் ஓர் ஆசையை வெளியிட்டார்.

“மச்சான், நீங்க பாத்த அந்தக் கர்னாத்தாக் கதையையும் கொஞ்சம் சொல்லுங்களன், கேட்டுட்டு எழும்புவம்.”

ஊர் அறிந்தபடி, ஸைனுலாப்தீன் பல வருடம் கப்பலில் சமையற்காரராக இருந்துவிட்டு, போன மாதந்தான் வேலையை விட்டு வந்திருந்தார். ஸ்பெயின் தேசத்தில் கர்னாத்தா என்று ஒரு பழைய பட்டினம், முன்னொரு காலத்தில் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்டது. அதைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு வாய் மணக்கும். மலகா என்ற துறையில் கப்பல் கட்டும், அங்கிருந்து மலைக்குள்ளால் பஸ்ஸில் போகவேண்டும், பட்டினத்துக்குப் பின்னால் பனி போர்த்த மலை நிற்கும் என்று அழகாகத்தான் தொடங்கினார்.

“அல்ஹம்றா எண்டு செவத்தக் கோட்டை. செவரெல்லாம் அறபு எழுத்து. ‘வலா காலிப இல்லல்லாஹ்’, அல்லாவத் தவிர வெல்லுறவன் இல்ல எண்டு திரும்பின பக்கமெல்லாம் செதுக்கி வச்சிருக்கு. மண்டபத்துக்குள்ளாலயே வாய்க்கால் ஓடும்.”

“வீட்டுக்குள்ள வாய்க்காலா?” ஹாஜியாருக்கு நாவிதன்வெளியில் வயல். வாய்க்கால் என்றால் அவருக்கு வேறு கதை வேண்டாம். “செவரில ஈரம் ஏறாதா?”

“ஏறாது மச்சான். அவ்வளவு காலமா நிக்கிதே.”

அதுவரைக்கும் சரி. அடுத்தது சாப்பாடு. அந்த ஊர்க் கடைகளில் குடிக்க என்ன கேட்டாலும் கூடவே ஒரு சின்னத் தட்டில் தின்னவும் வைப்பார்களாம், காசில்லாமல். இன்னொன்று குடித்தால் இன்னொரு தட்டாம். பொரித்த நெத்தலி, உப்பில் ஊறிய சைத்தூன் என்கிற ஒலிவக் காய், கத்தரிக்காயைப் பொரித்து அதன் மேல் கரும்புப் பாணி ஊற்றினது. பாஷை தெரியாததால் ஒவ்வொரு தட்டையும் காட்டிப் பன்றி மாதிரி உறுமிக் கேட்கவேண்டுமாம். கடைக்காரன் இல்லை என்று தலையாட்டினால்தான் கை வைப்பதாம்.

“தேத்தண்ணி குடிச்சா கத்தரிக்கா சும்மாவா?” என்று நாச்சியா உள்ளே நபீஸாவிடம் மெதுவாகக் கேட்டாள். நபீஸா சிரித்து மழுப்பினாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கிழக்கு வந்தது.

ஹாஜியார் எழுந்து தோள் சால்வையைச் சரிசெய்தார்.

“பொறகு சொல்லி அனுப்புறம்” என்றார்.

வட்டாவில் வெற்றிலை அடுக்கினபடியே இருந்தது.

“ஏன் எழும்பிப் போறாங்க?” என்று ஸைனுலாப்தீன் கேட்டார். “இனித்தானே மாதுளம்பழத்தப் பத்திச் சொல்ல இருந்தன்.”

நபீஸா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. நதீராவுக்கும் பிடித்திருந்தது என்பதை அவள் தறியடிக்கும் சத்தத்திலேயே தாய்க்குத் தெரியும். இரண்டு நாளாகத் தறி பாட்டுப் போல ஓடியது. இப்போது நின்று நின்று அடித்தது.

“இஞ்ச பாருங்க, மேற்க எண்டு மாத்திச் சொன்னா என்ன கொறஞ்சா போவீங்க?”

“சூரியன நான் எப்பிடி மாத்துற நபீஸா? இருந்தத இருந்தபடிதான் சொல்லணும்.”

இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவர் பள்ளிவாசல் பேஷ் இமாம் ஒருவர்தான். அவரோ தாய்க்குச் சுகமில்லையென்று காலிக்குப் போயிருந்தார். ஆகவே நபீஸா தானே அவிழ்க்கப் புறப்பட்டாள். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் காலையிலேயே கல்முனைக்குப் போய் நாச்சியாவின் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“மச்சி, அவருக்கு அந்த ஊர்ல கடுங் காய்ச்சல். தெச தெரியாமத் தொழுதுட்டாரு. வெக்கத்தில அதச் சொல்லல்ல.”

நாச்சியாவின் முகம் இளகியது. “அல்லாவே, சொல்லியிருக்கலாமேகா. மண்டையில ஏறின காய்ச்சலா?”

“ஓம், மண்டையிலதான்” என்று சொல்லிவிட்டு, ஒரு பாரம் இறங்கினாற்போல் நபீஸா வீட்டுக்கு வந்தாள்.

பின்னேர அஸர் தொழுகைக்குள் மருதமுனைத் தறிப் பட்டறைகளெல்லாம் அந்தக் காய்ச்சலைப் பேசின. ஸைனுலாப்தீனுக்குக் கப்பலில் மூளைக்காய்ச்சல் வந்ததாம், இன்னும் முழுதாக இறங்கவில்லையாம், அதனால்தான் தேத்தண்ணிக்குக் கத்தரிக்காய் சும்மா கொடுக்கிறார்கள் என்று பிதற்றுகிறாராம். அந்தக் காய்ச்சல் வருத்தம் பிள்ளைகளுக்கும் வருமா என்று ஒருத்தி கேட்க, வரும் என்று இன்னொருத்தி கண்டவள் போலச் சொன்னாள். மாலையில் ஹாஜியார் வீட்டிலிருந்தே நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரிசாரியார் எண்ணெய்ப் போத்தலோடு வந்து இறங்கினார்.

“எதுக்கு எண்ணெய்?” என்று ஸைனுலாப்தீன் கேட்டார்.

“சூட்டுக்கு” என்றாள் நபீஸா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் தலையைக் கொடுத்தார். எண்ணெய் காதுவழியாக வழிந்தபோதும், அந்த ஊரில் சைத்தூன் எண்ணெயில்தான் எல்லாம் பொரிப்பார்கள் என்று பரிசாரியாருக்கு விளக்கினார். பரிசாரியார் இரண்டாம் முறையும் தேய்த்துவிட்டுப் போனார்.

காய்ச்சலை இறக்கியாகவேண்டும். நபீஸா மறுபடியும் கல்முனைக்குப் போனாள்.

“மச்சி, காய்ச்சலும் இல்ல ஒண்டுமில்ல. அவர் பகிடிக்குச் சொன்னது. எல்லாரையும் சிரிக்க வைக்கிறது அவர்ர கொணம்.”

இந்த முறை உள்வீட்டிலிருந்து ஹாஜியாரின் குரலே வந்தது.

“தொழுகையிலயா பகிடி?”

நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

“வருத்தக்காரன் எண்டாலாவது அல்லாஹ் மன்னிப்பான். பகிடிக்காரன்ர வீட்டுக்கு என்ட மகன எப்பிடிக் குடுக்கிற? சொல்லுங்க பாப்பம்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கணவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுவதற்குள்ளே ஒரு சந்தேகமும் புகுந்துகொண்டது. இந்த மனிதர் உண்மையாகவே அங்கே போனாரா? போனவர் பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று ஒரு மனிதரிடம் கேட்டிருக்கமாட்டாரா? சம்பந்தம் பேச முதன்முதல் போனபோது ஹாஜியார் அறுவடைக்காக நாவிதன்வெளி வயல் வாடியில் இருந்தார். கிட்டங்கித் துறையில் தோணி ஏறித்தான் போனார்கள். தோணி நகர்ந்து கொஞ்சத் தூரத்தில் இவர் தலையை வெளியே போட்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தவர், அக்கரை சேரும்வரைக்கும் நிறுத்தவில்லை. கப்பலில் போன ஆளா இவர் என்று தோணிக்காரர் செல்லத்தம்பி கேட்டதற்கு, “கப்பல் பெரிசு தம்பி, அது ஆடாது” என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். அதை அன்று அவள் நம்பினாள். இன்றும் அதை நம்பினாள்தான். கிழக்கைத்தான் நம்ப முடியவில்லை.

“பளீலக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைப்பமா?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். பளீல் என்பவன் ஸைனுலாப்தீனின் சாச்சி மகன், அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன், பாலமுனைக்காரன், தன்னோடு கப்பலில் போனதாக இவர் சொல்லியிருந்தவன். இப்போது கொழும்பில் விடுமுறையில் நிற்பதாகக் கேள்வி.

எண்ணெய்த் தலையோடு பாயில் சாய்ந்திருந்த மனிதர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக எழுந்ததை அவள் பார்த்ததில்லை.

“அவன எதுக்கு? பாவம், லீவில வந்த பொடியன. வேணாம், வேணாம்.”

சரிதான், அவனும் கூடநின்று கிழக்கே பார்த்துத் தொழுதிருப்பான், அது வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நபீஸா முடிவுகட்டினாள். கொழும்புக்கு நெய்த சாரம் ஏற்றிப்போகிற லொறிக்காரர் சீனிமுகம்மதுவிடம் அன்றே இரகசியமாகச் சொல்லிவிட்டாள், பளீலைக் கண்டால் வெள்ளிக்கிழமைக்குள் வரச்சொல்லும்படி.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. காய்ச்சலும் பகிடியும் கைகொடுக்காததால், குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவதே நல்லது என்று அவள் தீர்மானித்திருந்தாள். அவர் தெரியாமல் பிழை செய்துவிட்டார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தௌபாச் செய்து ஊருக்குச் சோறு கொடுக்கிறார் என்று நாச்சியாவுக்குச் சொல்லி அனுப்பினாள். தௌபாச் செய்யப் போகிறவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

“என்னத்துக்குத் தௌபா?”

“நதீராவுக்காக. வாயத் தெறக்காம இருந்தாப் போதும், மத்தத நான் பாத்துக்கொள்ளுறன்.”

“சரி. எத்தின பேருக்குச் சமைக்கணும்?” என்றார் ஸைனுலாப்தீன்.

அந்த ஒரு கேள்வியில் நபீஸாவுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பந்தல் நிறைந்தது. ஒரு மனிதர் கிழக்கே பார்த்துத் தொழுததை ஒத்துக்கொள்வதைப் பார்க்கச் சாய்ந்தமருதிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஹாஜியார் முன்வரிசையில் உட்கார்ந்தார். வெறுங்கையோடு வராமல், நியாயம் தீர்க்க ஒரு படித்தவரையும் கூட்டிவந்திருந்தார். ஆலையடிவேம்பைச் சேர்ந்த சின்னப்போடி மாஸ்டர், கல்முனையில் பூகோளம் படிப்பிக்கிறவர்.

சகன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோறு வரும் என்று எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்க, வந்தது ஒரு கிளாஸ் சர்பத். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு, அதில் நாலைந்து பொரித்த நெத்தலி. அவ்வளவுதான்.

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. நபீஸா அடுப்படிக்குள் ஓடினாள்.

“இது என்ன வேல? தௌபாச் சோத்தில கஞ்சத்தனம் எண்டு கதைக்கிறாங்க.”

“கர்னாத்தாவில இப்பிடித்தான்” என்றார் ஸைனுலாப்தீன், பாணிப் போத்தலைத் திறந்துகொண்டே. “இன்னொரு சர்பத்துக் குடிக்கச் சொல்லு, அடுத்த தட்டு வரும்.”

அடுத்த தட்டில் கத்தரிக்காய் வந்தது, மேலே பாணி வழிய. ஹாஜியார் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார், ஒரு துண்டை நுனியில் கடித்தார், பிறகு கை உயர்த்தி இன்னொரு சர்பத் கேட்டார். அதற்கு இறால் வந்தது. அடுத்ததற்கு நண்டு. பந்தலில் இருந்தவர்கள் தௌபாவை மறந்து சர்பத் கேட்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் சோறு சகன்களில் வந்தபோது பலருக்கு வயிற்றில் இடமில்லை, ஆனாலும் உண்டார்கள்.

கை கழுவியதும் ஹாஜியாருக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது.

“மாஸ்டர், சாப்பாட்டில குத்தம் சொல்லேலாது. ஆனா வெசயம் வெசயந்தான். தொழுற ஆளுக்குப் பின்னால சூரியன் விழுமா? நீங்க படிச்ச ஆள், நீங்களே சொல்லுங்க.”

சின்னப்போடி மாஸ்டர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“ஒரு கொய்யாப்பழமும் கொஞ்சம் கராம்பும் கிடைக்குமோ?”

நபீஸா கொண்டுவந்து சீலையின் இடுக்கால் நீட்டினாள். மாஸ்டர் கொய்யாப்பழத்தில் ஒரு கராம்பைக் குத்தினார்.

“ஹாஜியார், இது உங்கட மக்கம். இது கல்முனை.” வலப்பக்கத்தில் ஒன்று குத்தினார். “இஞ்ச நிண்டு மக்கத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம்?”

“மேற்க. சூரியன் விழுற பக்கம்.”

“சரி. இது அவர் போன பட்டினம்.” இடப்பக்கத்தில் மூன்றாவது கராம்பு ஏறியது. “அது மக்கத்துக்கும் அங்கால, மேற்கில கிடக்கு. அங்க நிண்டு மக்கத்தைப் பார்க்கிறதெண்டால்?”

ஹாஜியார் கொய்யாப்பழத்தை வாங்கினார். திருப்பினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பந்தல் முழுவதும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கொய்யாப்பழத்தைச் சால்வை நுனியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார்:

“நான் ஹஜ்ஜுக்குப் போன ஆள். கஃபாவச் சுத்தி நிண்டு ஒரு நாள் இந்தப் பக்கத்தால, ஒரு நாள் அந்தப் பக்கத்தாலத் தொழுதவன். ஊருக்கு வந்து கால் வச்சதும் கிப்லா எண்டா மேற்குதான் எண்டு இருந்திட்டன். மச்சான், நீங்க எனக்கு மாப்புத் தரணும்.”

“சாப்பிட்டீங்களே மச்சான், அது போதும்” என்றார் ஸைனுலாப்தீன்.

ஹாஜியார் வட்டாவைத் தானே இழுத்து வெற்றிலையை எடுத்தார். கதவுச் சீலைக்குப் பின்னால் நபீஸா அழுதுவிட்டாள். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. உள்ளதைச் சொன்ன மனிதரைக் காய்ச்சல்காரராக்கி, பகிடிக்காரராக்கி, தலையில் எண்ணெயும் வைத்து, கடைசியில் தௌபாவென்று ஊரையும் கூட்டிவிட்டாளே. உள்ளே தறி ஒருமுறை தானாகத் தட்டியது போல் சத்தம் கேட்டது. நதீரா தாங்கமுடியாமல் போய் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அஸர் தொழுகைக்கு ஹாஜியார் ஸைனுலாப்தீனின் கையைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கு நடந்தார். பந்தலில் ஆட்கள் கலைந்தபோது, சாரம் லொறி வாசலில் வந்து நின்றது. பளீல் தூசியும் தானுமாக இறங்கினான்.

“என்ன மதினி, அவசரம் எண்டு சொல்லி அனுப்பினீங்க? லொறி வழியில நிண்டு போச்சு. காக்காக்கு ஏதும் சொகமில்லயா?”

“ஒண்டுமில்ல தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மொதல்ல இருந்து சாப்பிடுங்க.”

மஞ்சள் சோறும் கத்தரிக்காயும் போட்டுக்கொடுத்தாள். அவன் கத்தரிக்காயை வாயில் வைத்ததும் கண் விரிந்தது.

“இத காக்காக்கு ஆரு சொல்லிக் குடுத்த? அசல் அதே ருசி.”

நபீஸாவுக்கு யாரிடமாவது சொல்லித் தீர்க்கவேண்டும் போலிருந்தது.

“நான் பெரிய பாவி தம்பி. கர்னாத்தாவில கிழக்கப் பாத்துத் தொழுத எண்டு உங்கட காக்கா சொன்னத நான் நம்பல்ல. அந்த மனிசன் ஒரு நாளும் என்னட்டப் பொய் சொன்னதில்ல. இனி அவர் என்ன சொன்னாலும் மறுகதை கதைக்கமாட்டன்.”

பளீல் பிசைந்த சோற்றைச் சகனிலேயே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“கர்னாத்தாவில தொழுதது நான் மதினி. காக்கா இத்தின வருசமும் கொழும்புத் துறைமுக வாசல்லதான் சாப்பாட்டுக் கடையில நிண்டாரு. கிட்டங்கித் தோணியே ஒத்துக்கொள்ளாத மனிசன எந்தக் கப்பல்ல ஏத்துற?”